பதினைந்து நிமிடம் மட்டும் மிஞ்சும் வீட்டில் சொந்த இலக்குகள்: எவ்வளவு, எங்கே, எப்படி?

#1 மெல்லநட

வீடு இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை, மூன்று வயதில் இன்னொன்று, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு முதியவர், கணவன் மனைவி இருவருக்கும் வேலை. இலக்குகள் மூன்று: ஒரு புது மொழி, பாதியில் நிற்கும் ஒரு நாவல், உடம்புக்குக் கொஞ்சம் வலு.

ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை எதை வைத்து முடிவு செய்வது? நாளில் எங்கே செருகுவது? ஒரு வாரம் காய்ச்சலில் போய்விட்டால் எப்படித் திரும்ப ஆரம்பிப்பது? மூன்றையும் ஒன்றாக ஓட்ட முடியுமா, முடியாதா?

"மனமிருந்தால் மார்க்கமுண்டு" வகைப் பதில்கள் வேண்டாம். மனம் இருக்கிறது. மார்க்கத்தை மட்டும் எழுதுங்கள்.

#2 கணக்கப்பிள்ளை

முதல் வேலை அளப்பது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல், பத்து நிமிடத்துக்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு இடைவெளியையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். நிமிடக் கணக்கோடு நிறுத்தாமல், பக்கத்தில் ஒரு எழுத்தும் போடுங்கள். கை வேலையில் இருக்கிறது, காது சும்மா இருக்கிறது என்றால் "கா". கை சும்மா இருக்கிறது, ஆனால் யாரும் எப்போதும் கூப்பிடலாம் என்றால் "கை". யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றால் "தனி".

நீங்கள் சொல்லும் வகை வீட்டில் "தனி" வாரத்தில் ஒன்றோ இரண்டோதான் தேறும். "கை" தினமும் இரண்டு மூன்று வரும், ஒவ்வொன்றும் 10, 15 நிமிடம். "கா" எல்லாவற்றையும் விட அதிகம்: சமையல், துணி மடிப்பது, பயணம். பலர் நாவலை "கா" நேரத்திலும் மொழிப்பாடம் கேட்பதைத் "தனி" நேரத்திலும் வைத்துவிட்டு, நேரமே இல்லை என்கிறார்கள். நேரம் இருக்கிறது, பொருத்தம்தான் தவறு.

அடுத்து அளவு. ஏழு நாள் "கை" நேரத்தைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்துங்கள். சராசரியை எடுக்காதீர்கள், கீழிருந்து இரண்டாவது எண்ணை எடுங்கள். சராசரிக்குத் திட்டம் போட்டால் ஏறக்குறைய பாதி நாள் தோல்வி என்பது போடும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த இரண்டாவது எண் பெரும்பாலும் 15 நிமிடத்தை ஒட்டி இருக்கும். வாரத்தில் 5 நாள், வருடத்தில் 48 வாரம் என்றால் 240 நாள், 60 மணி நேரம். பதினைந்து நிமிடத்தில் 150 சொல் எழுதினால் 36,000 சொல். பாதியில் நிற்கும் நாவலின் மீதிக்கு அது தாராளம்.

48 வாரம் என்று வைத்தது வேண்டுமென்றேதான். நான்கு வாரம் காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் விருந்தாளிகளுக்கும் போகும். அதை முன்கூட்டியே கழித்துவிட்டால், போகும்போது மனம் உடையாது.

#3 முடிச்சு

நிமிஷம் சரி. எங்கே வைக்கறதுன்னு நான் சொல்றேன்.

கடிகார நேரம் குடும்ப வீட்ல நிக்காது. "ராத்திரி 9:15"ன்னு போட்டா 9:05க்கு ஒருத்தருக்கு வயித்துவலி வரும். அதனால நேரத்துல மாட்டாம ஒரு நிகழ்ச்சியில மாட்டணும். "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்ற ஒரே வாக்கியம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999ல இதைப் பத்தி விரிவா எழுதினார். 2006ல அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தப்போ, வெறுமனே "செய்யப் போறேன்"னு தீர்மானிச்சவங்களைவிட, எப்போ எங்கேன்னு இப்படி முடிச்சுப் போட்டவங்க கணிசமா அதிகம் செய்து முடிச்சிருந்தாங்க.

ஆனா எல்லா நிகழ்ச்சியும் முடிச்சுக்கு ஆகாது. நாலு தகுதி பாருங்க: தினமும் ஒரு தடவை கட்டாயம் நடக்கணும், ஒரே இடத்துல நடக்கணும், "இதோ முடிஞ்சுது"ன்னு விரல் வைக்கற மாதிரி முடியணும், அது முடிஞ்ச அடுத்த பத்து நிமிஷம் யாரும் உங்களுக்காகக் காத்துட்டு இருக்கக்கூடாது.

"குழந்தை தூங்கினதும்" ரொம்ப மோசமான முடிச்சு. எப்போ தூங்கிச்சுன்னு தெரியாது, பாதி நாள் நீங்களும் கூடவே தூங்கிடுவீங்க. "சாப்பிட்டதுக்கு அப்புறம்" மங்கலானது. "கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வெச்சதும்" நல்ல முடிச்சு. "பெரியவருக்குக் காலை மாத்திரை கொடுத்து டப்பாவை மூடினதும்" அதைவிட நல்லது. "பள்ளி வண்டி கிளம்பினதும்" நல்லதுதான், ஆனா விடுமுறையில காணாமப் போயிடும். அதனால மாற்று முடிச்சு ஒண்ணு: "அது நழுவினா, மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினதும்." ஒண்ணு போதும். மூணாவது முடிச்சு போட்டீங்கன்னா நாள் முழுக்கத் தள்ளிப்போட அனுமதி கொடுத்த மாதிரி.

#4 சும்மாஇரு

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும், அப்புறம் தானாக ஓடும் என்கிறார்களே? இவ்வளவு முடிச்சு எதற்கு?

#5 முடிச்சு

21 நாள் கணக்குக்கு ஆதாரம் கிடையாது. ஆதாரம் உள்ளது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி குழு செய்தது: 96 பேர், 12 வாரம், ஒவ்வொருத்தரும் ஒரு சின்னப் பழக்கம். யோசிக்காம தானா நடக்கற நிலைக்கு வர நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் போச்சு. ஆய்வே 84 நாள்தான்; 254ங்கறது வளைகோட்டை நீட்டிக் கணிச்சது. தண்ணி குடிக்கற மாதிரி எளிய வேலை சீக்கிரம் ஒட்டிக்கும், உடற்பயிற்சி இழுக்கும்.

அதுல நம்ம வீடுகளுக்கு முக்கியமானது இன்னொண்ணு: ஒரு நாள் விட்டா பழக்கம் உருவாகறதுல சொல்லும்படியான பாதிப்பு இல்லை. நாவல் எழுதறது முழுசா "தானா" நடக்கவே நடக்காதுங்கறதையும் சேர்த்துக்கோங்க. உட்காருறதுதான் பழக்கமாகும், எழுதறது எப்பவும் வேலைதான்.

#6 தட்டச்சு

எல்லோரும் நிமிடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பதினைந்து நிமிட வேலையில் உண்மையான எதிரி, மறுபடி தொடங்கும் செலவு. போன தடவை எங்கே விட்டோம், அடுத்தது என்ன, அந்தக் குறிப்பு எந்த நோட்டில் இருக்கிறது என்று தேடவே ஆறேழு நிமிடம் போனால் மிஞ்சுவது பாதி. இதைச் சரி செய்யாமல் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. சரி செய்துவிட்டால் பத்து நிமிடம்கூட உருப்படியாகும். இந்த இழையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முறை இதுதான். 13-ஆவது நிமிடத்தில் வேலையை நிறுத்துங்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும். மீதி இரண்டு நிமிடத்தில் மூன்று வரி எழுதுங்கள்: எங்கே நிற்கிறது, அடுத்துக் கை செய்ய வேண்டிய முதல் அசைவு என்ன, முடிவாகாத கேள்வி எது.

"அத்தியாயம் 3 தொடர வேண்டும்" என்பது குறிப்பே அல்ல. அது நீங்கள் ஏற்கனவே அறிந்த செய்தி. இப்படி இருக்க வேண்டும்: "அத்தியாயம் 3. தங்கை கதவைத் தட்டுகிறாள் என்ற வரியில் நிற்கிறது. அடுத்து: அண்ணன் திறக்காததற்கு ஒரு பத்தி, அவன் பார்வையில். கேள்வி: கடிதம் அவள் கையில் இருக்கிறதா, பையிலா?" நாளை வந்து உட்காருகிறவருக்கு யோசிக்கவே வேண்டாம், திறக்காததற்குக் காரணம் எழுத வேண்டியதுதான்.

இதனால் இன்னொரு ஆதாயம் உண்டு. முடியாத வேலை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கும்போதும் ஓடும். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். முடியாத வேலைக்குத் தெளிவான திட்டம் எழுதிவிட்டாலே, வேலை முடியாவிட்டாலும், அந்த இரைச்சல் அடங்குகிறது என்று மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் காட்டினார்கள். ஆகவே அந்த மூன்று வரி நாவலுக்கு மட்டுமல்ல, எழுந்து போய்ச் சேரும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

பொருள் ஏற்பாடும் இதே கணக்கில் வரும். உட்காரலாம் என்று தோன்றியதிலிருந்து முதல் எழுத்து விழும்வரை மூன்று அசைவுக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணிப் பாருங்கள்: மடிக்கணினியை அலமாரியிலிருந்து எடு, சார்ஜர் தேடு, சொருகு, கடவுச்சொல், கோப்பைத் தேடு, இடத்தைத் தேடு. ஆறு ஆகிவிட்டது. கோப்பை மூடாமல் கணினியைத் தூங்க வையுங்கள். தானாக மறுதொடக்கம் ஆகும் புதுப்பிப்பை இரவு இரண்டு மணிக்குத் தள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில், மூன்று வயதுக் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். தாளில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் பேனாவை அந்த நோட்டிலேயே கட்டிவிடுங்கள். சிறுபிள்ளை உள்ள வீட்டில் தனியாகக் கிடக்கும் பேனாவின் ஆயுள் ஒரு நாள்.

#7 விடியல்77

எதுக்கு இவ்ளோ சுத்தி வளைக்கணும்? 4:30க்கு எழுந்தா ரெண்டு மணி நேரம் சுத்தமா கிடைக்கும். முடிஞ்சுது.

#8 கணக்கப்பிள்ளை

விடியல், படுப்பது எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது யோசனை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் பரிந்துரைத்தன. 4:30-க்கு எழ 9:30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை 9:45 வரை கதை கேட்கும் வீட்டில் இது சம்பளம் வாங்காமல் கடன் கொடுப்பது.

முடிகிறவர்களுக்கு விடியற்காலை நல்ல இடம்தான், மறுக்கவில்லை. அதைத் தள்ளிவிட அதற்கு முன்னால் எந்த நிகழ்ச்சியும் இல்லை என்பதே காரணம். ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒரேயடியாக ஒரு மணி நேரம் முன்னால் போகாதீர்கள். நான்கு நாளைக்கு ஒரு முறை 15 நிமிடம், படுக்கும் நேரத்தையும் அதே அளவு முன்னால் இழுத்து.

எழுந்த முதல் 15 முதல் 30 நிமிடம் மூளை முழுதாக விழித்திருக்காது. கிடைப்பதே அரை மணி என்றால் அதில் பாதி மந்தமானது. அங்கே கதையை முடிவு செய்யாதீர்கள். கையால் எழுதியதைத் தட்டச்சு செய்வது, மொழிச் சொற்கள் எழுதிய பழைய அட்டைகளைப் புரட்டுவது போன்ற இயந்திர வேலையை வையுங்கள்.

மூன்றாவது, சிறுபிள்ளைகள் அசைவுக்கு எழுந்துவிடும். வேலை செய்யும் இடத்துக்கும் பிள்ளை படுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு கதவாவது இல்லாவிட்டால், ஒரு வாரத்தில் பிள்ளையும் 4:30-க்கு எழப் பழகிவிடும். பிறகு இரண்டு பேருக்கும் தூக்கம் போச்சு.

#9 விடியல்77

மூணாவது பாயிண்ட் சரிதான். ஒத்துக்கறேன்.

#10 வாத்தியார்

மொழிக்கு வருகிறேன். பதினைந்து நிமிடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நினைவட்டைச் செயலியின் (ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் உள்ள அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டுவது) இயல்பு அமைப்புதான். ஆங்கி செயலியில் ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்று வைத்தபடி வரும். முதல் வாரம் சுகமாக இருக்கும். சில வாரங்களில் தினமும் திரும்பிப் பார்க்க வேண்டியவை ஏறக்குறைய 200 ஆகிவிடும், அதாவது புது அட்டையின் பத்து மடங்கு. ஒரு அட்டைக்கு 8 வினாடி என்றால் 27 நிமிடம். பதினைந்து நிமிட வீட்டில் இது மூன்றாவது வாரத்திலேயே வெடிக்கும். சோம்பேறித்தனம் என்று தன்னைத் திட்டிக்கொண்டு விட்டுவிடுவார்கள். திட்ட வேண்டியது அந்த எண்ணை.

புது அட்டையை 5 ஆக்குங்கள். திரும்பிப் பார்ப்பது 50-க்குள் நிற்கும், ஏழு நிமிடம். மீதி எட்டு நிமிடத்தில் நான்கு வாசித்தும் நான்கு வாய்விட்டுப் பேசியும் பாருங்கள். "கா" நேரம் முழுவதும் கேட்பதற்கு. அங்கே புதுப்பாடம் வேண்டாம், ஏற்கனவே வாசித்த பகுதியின் ஒலி. கை வேலையில் இருக்கும்போது புரியாததை நிறுத்திப் பார்க்க முடியாது என்பதால் புது ஒலி காற்றில் போகும்.

ஒரு வாரம் விட்டுப்போய் 300 அட்டை குவிந்துவிட்டதா? புது அட்டையைப் பூஜ்யமாக்குங்கள், ஒரு நாளுக்கு 50 என்று வரம்பு போடுங்கள், குவியல் கரையும் வரை இந்த இரண்டு எண்ணையும் மாற்றாதீர்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 300-ஐயும் முடிப்பது வீரம்போலத் தோன்றும். நூறு தாண்டியதும் பார்க்காமலே "தெரியும்" என்ற பொத்தானை அழுத்துவீர்கள், அந்தத் தவறான மதிப்பெண்கள் அடுத்த மாதத்து அட்டவணையையும் கெடுக்கும்.

#11 தண்டால்

உடம்பு மூன்றிலும் சுலபமானது, ஏனென்றால் துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முன்பு இருந்த "ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடம்" என்ற நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. அவ்வளவுதான்.

தசைக்கு இரண்டு பட்டியல். முதல் நாள்: தண்டால், ஒரு கால் முன்வைத்து இறங்குதல். இரண்டாம் நாள்: எடையை இழுத்தல் (கனமான பை போதும்), இடுப்பை மடித்துத் தூக்குதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. மூன்று சுற்றையும் ஒன்றாகச் செய்ய வேண்டியதில்லை; காலை ஒன்று, மாலை இரண்டு என்றாலும் சரி. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னும் இரண்டு செய்ய முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். மூன்று சுற்றிலும் 12 வந்துவிட்டால் கடினமாக்குங்கள்: சுவரில் தண்டால், பிறகு மேசை விளிம்பு, பிறகு முட்டி ஊன்றி, பிறகு தரையில். மேசை நகராதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சக்கரம் வைத்த மேசையில் செய்யாதீர்கள்.

தவறு நடப்பது எங்கே என்றால், "தினமும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அதே தசையை நாள்தோறும் வதைப்பதில். கடுமையாகச் செய்த தசைக்கு 48 மணி நேரம் கொடுங்கள். நடுவில் வரும் நாளில் நடை. மூட்டு வலி, நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

#12 மெல்லநட

முதல் முறையாக யாரும் "ஒழுக்கம் வேண்டும்" என்று சொல்லவில்லை, நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். சில நாள் அந்தப் பதினைந்தும் கிடைக்காது, அன்று என்ன? அப்புறம், வீட்டில் இன்னொருவரோடு இதை எப்படிப் பேசி வைப்பது?

#13 தட்டச்சு

முதல் சந்தேகத்துக்கு: ஒவ்வொரு இலக்குக்கும் இரண்டு அளவு. வழக்க அளவு ஒன்று, அடி அளவு ஒன்று. அடி அளவு இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஆனால் வேலையின் உண்மையான துண்டாக இருக்க வேண்டும். "கோப்பைத் திறந்து பார்ப்பது" அடி அளவு ஆகாது. ஒரு வாக்கியம் எழுதுவது ஆகும். மொழிக்கு ஐந்து அட்டை. உடம்புக்கு ஒரு சுற்று.

மேல் வரம்பும் வேண்டும், இதைப் பலர் கேலி செய்வார்கள். வழக்க அளவின் இரண்டு மடங்கோடு நிறுத்துங்கள். வேகம் பிடித்த நாளில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் அந்த நேரம் யாரோ ஒருவரிடமிருந்து எடுத்ததுதான். அடுத்த மூன்று நாள் அதை வட்டியோடு கேட்பார்கள்.

பதினான்கு நாளில் எட்டு நாளுக்கு மேல் அடி அளவிலேயே ஓடினால், உங்களைக் குறை சொல்லாதீர்கள், முடிச்சை மாற்றுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் அளவைப் பாதியாக்குங்கள். இந்த வரிசை முக்கியம்: முதலில் இடம், பிறகு அளவு.

#14 பாதிவீடு

இரண்டாவது சந்தேகம் என் பங்கு.

"எனக்கு உதவி செய்" என்று ஆரம்பிக்கிற பேச்சு நிற்காது. உதவி என்றால் பொறுப்பு இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது என்று பொருள். கேட்க வேண்டியது கைமாற்றம். இந்த நிமிடத்திலிருந்து இந்த நிமிடம் வரை வீடு முழுவதும் உன் பொறுப்பு, நான் வீட்டிலேயே இல்லாத மாதிரி. பிறகு அதே நிமிடங்கள் உனக்கு. இரண்டு பேருக்கும் சம அளவு என்பது இதில் அசையாத பகுதி. ஒருவருக்கு இலக்கு எதுவும் இல்லை, சும்மா உட்கார வேண்டும் என்றால் அதற்கும் அதே நிமிடங்கள் உண்டு.

எழுதி வைக்க வேண்டியவை: எந்த நாள், எவ்வளவு நேரம், எதற்கெல்லாம் கதவைத் தட்டலாம். மூன்றாவதை விட்டுவிடுவார்கள், அங்கேதான் உடையும். ரத்தம், காய்ச்சல், முதியவர் விழுந்துவிட்டார் என்றால் தட்டலாம். "துண்டு எங்கே இருக்கிறது" என்றால் தட்டக் கூடாது. இதற்காகவே ஒரு மாதம் பொருள்களின் இடத்தை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்ட வேண்டிய வீடுகளும் உண்டு. ஒட்டுங்கள்.

கெட்டுப்போகும் விதங்கள் மூன்று. பொறுப்பில் இருந்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், ஆனால் சமையலறை அப்படியே கிடக்கிறது. அப்படியானால் அது கைமாற்றமே அல்ல, தவணை. நேரம் கிடைத்தவர் அதில் துணி மடிக்கிறார். இது நல்ல குணம்போலத் தெரியும், ஆனால் இரண்டு வாரத்தில் அந்த நேரமே வீட்டு வேலை நேரமாகிவிடும். மூன்றாவது, விட்டுப்போன நிமிடங்களைக் கடனாக எழுதிக்கொண்டே போவது. ஏழு நாளுக்குள் ஈடு செய்ய முடியாவிட்டால் அது போனது போனதுதான். பழைய பாக்கியைத் தோண்டினால் இலக்கும் போகும், இரவும் போகும்.

வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம், நின்றுகொண்டே பேசுங்கள். அடுத்த வாரம் யாருக்கு எந்த நாள் மோசம் என்பது மட்டும். உட்கார்ந்து பேசினால் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்குக் கைமாற்ற ஆள் இல்லை. இன்னொரு பெற்றோரோடு வாரம் ஒரு முறை மாற்றி மாற்றி, இரண்டு மணி நேரம் அவர் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்யலாம்.

பிள்ளைகளிடம்: மூன்று வயதுக்குக் கீழே ஒப்பந்தம் செல்லாது, முயற்சியே வேண்டாம். நான்கு ஐந்து வயதில் கண்ணால் பார்க்கக்கூடிய டைமர் வையுங்கள், முதல் வாரம் ஐந்தே நிமிடம். மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்து போங்கள். "இன்னும் ஒரே நிமிஷம்" என்று இரண்டு தடவை சொன்னால் அந்த டைமருக்கு மதிப்பு போய்விடும்.

முதியவர் இருக்கும் வீட்டில் ஒன்று. மறதி நோய் உள்ளவர்களுக்குப் பிற்பகல் கடைசியிலும் அந்தி நேரத்திலும் குழப்பமும் அலைச்சலும் அதிகமாகும். அந்த நேரத்தில் எந்த முடிச்சும் போடாதீர்கள். காலை மாத்திரைக்குப் பிறகான நேரம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

#15 சும்மாஇரு

எல்லாம் சரி. ஆனால் நாவலில் கதையின் சிக்கல் அவிழாமல் நிற்கும்போது பதினைந்து நிமிடத்தில் என்ன கிழிக்க முடியும்? சில வேலைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை. தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் வருடத்தில் 37 மடங்கு என்று சொல்வார்கள், அதுவும் வரும் பாருங்கள்.

#16 கணக்கப்பிள்ளை

வராது. 1.01-ஐ 365 தடவை பெருக்கினால் 37.8 என்பது கணக்கில் சரி, மனிதரில் தவறு. திறமை கூட்டு வட்டியில் வளர்வதில்லை; தொடக்கத்தில் வேகமாக ஏறி, பிறகு ஒவ்வொரு படிக்கும் முன்னதைவிட அதிக நேரம் கேட்கும். 37 மடங்கை எதிர்பார்த்தவர் நான்காவது மாதம் சமதளத்துக்கு வந்ததும், முறை தவறு என்று நினைத்து விட்டுவிடுவார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஒரே அளவுகோலில் பாருங்கள்: அதே கடினமுள்ள ஒரு பக்கத்தில் தெரியாத சொல் எத்தனை, ஒரு சுற்றில் தண்டால் எத்தனை. தினமும் அளந்தால் சலிப்புதான் மிஞ்சும்.

இரண்டு மணி நேர வேலை பற்றிச் சொன்னது நியாயம். வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: முடிவெடுக்கும் வேலை, செய்யும் வேலை. அண்ணன் ஏன் கதவைத் திறக்கவில்லை என்பது முடிவு. அதை எழுதுவது செயல். முடிவுகளை மேசையில் எடுக்க வேண்டியதில்லை. தட்டச்சு சொன்ன மூன்றாவது வரியில் உள்ள கேள்வியைத் துணி மடிக்கும்போது எடுத்துக்கொண்டு போங்கள், விடை வந்தால் கைபேசியில் பேசிப் பதியுங்கள். அப்படியும் தீராதவை சேரும். அவற்றை ஒரு பட்டியலில் குவித்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை கைமாற்றத்தில் வாங்கும் இரண்டு மணி நேரத்தில் உடையுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் சாதாரணப் பக்கங்களை எழுதுவது வீண்.

முடியும் தேதி பற்றி ஒரு எச்சரிக்கை. ப்யூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்றார்கள். எல்லாம் மோசமாகப் போனால்கூட 48.6 நாள் என்றார்கள். ஆனது 55.5. அவர்கள் படிப்பதே வேலையாக இருந்த மாணவர்கள். நீங்கள் நினைக்கும் காலத்தை இரண்டால் பெருக்கி, அதையும் வீட்டில் யாரிடமும் வாக்காகக் கொடுக்காதீர்கள்.

#17 முடிச்சு

மூணும் ஒண்ணா ஓடுமான்னு கேட்டீங்க, அது அப்படியே நிக்குது. ஓடாது. ஒண்ணு முன்னால, ஒண்ணு தக்கவைப்புல, ஒண்ணு உறக்கத்துல. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இடம் மாத்துங்க. தக்கவைப்புன்னா இப்படி: வலுவை ஏத்தறதுக்குத்தான் நேரம் வேணும். வந்த வலுவைக் காப்பாத்த, கடினத்தைக் குறைக்காம வாரம் ஒரு தடவை செஞ்சாலே பல மாசம் நிக்கும், வயசானவங்களுக்கு ரெண்டு தடவை. மொழியில புது அட்டை பூஜ்யம், திரும்பிப் பாக்கறது மட்டும். நாவலைத் தூங்க வைக்கும்போது அந்த மூணு வரியைப் பத்து வரியா எழுதுங்க, ஆறு வாரம் கழிச்சு வர்றவர் புது ஆள்.

காய்ச்சல் வாரம் முடிஞ்சு திரும்பறதுக்கு: முதல் நாள் கடைசிக் குறிப்பைப் படிக்கறதும் அடி அளவும். ரெண்டாம் நாளும் அடி அளவு. மூணாம் நாள் வழக்கத்துல பாதி. அஞ்சாம் நாள் முழுசு. விட்டுப்போனதைச் சேர்த்துச் செய்யறது கிடையாது. திங்கட்கிழமைக்கோ மாசம் ஒண்ணாம் தேதிக்கோ காத்திருக்காதீங்க. புது வாரம், புது மாசம்னா மக்களுக்கு ஆரம்பிக்கற உந்துதல் கூடுதுன்னு 2014ல டாய், மில்க்மேன், ரீஸ் காட்டினது நிஜம்தான். ஆனா புதன்கிழமை குணமானவர் திங்கள் வரைக்கும் காத்திருந்தா அஞ்சு நாள் போச்சு.

பதிவுக்கு, தேதிமேல தொடர்ச்சியா குறி போடற முறை வேண்டாம். நாப்பது குறி வரிசையா விழுந்து நாப்பத்தொண்ணாவது விழலைன்னா எல்லாம் போச்சுன்னு தோணும். வாரத்துக்கு ஏழு கட்டம், அஞ்சு நிரம்பினா வாரம் தேறிச்சு. அடி அளவுக்குப் பாதிக் கட்டம் இல்லை, முழுக் கட்டம்.

#18 மெல்லநட

குறித்துக்கொண்டேன். உடம்பு முன்னால், மொழி தக்கவைப்பில், நாவல் பத்து வரியோடு உறக்கத்தில். தட்டச்சு கோபிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. டைமர் சத்தத்துக்குத் தூங்கும் பிள்ளை எழுந்துவிடுகிறது, கைபேசியை எடுத்தாலோ அதிலேயே பத்து நிமிடம் போய்விடுகிறது. என்ன வழி?

#19 பாதிவீடு

அதிரும் கைக்கடிகாரம். அது இல்லை என்றால் மணல் கடிகாரம். சத்தமே வராது, பிள்ளை விழித்துவிட்டாலும் எவ்வளவு மீதி என்று தானே பார்த்துக்கொள்ளும். கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் வாங்குங்கள். நிமிடக் கணக்கு எழுதியிருப்பதை நம்பாமல் ஒரு தடவை ஓடவிட்டு அளந்து பாருங்கள், ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் இருக்கும்.

#20 தட்டச்சு

கோபம் இல்லை. அந்தப் பத்து வரியை இன்றைக்கே எழுதிவிடுங்கள், கடிதம் கையிலா பையிலா என்பதையும் சேர்த்து.